கொன்ஜாக் நூடில்ஸ்: வயிறு நிறையும், சக்தி கிடைக்காது

நீரிழிவு உள்ளவர்கள் சோற்றையும் இடியப்பத்தையும் குறைக்கும்போது, அந்த இடத்தை எதனால் நிரப்புவது என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையாக இன்று விற்கப்படும் பொருட்களில் ஒன்று கொன்ஜாக் நூடில்ஸ். யப்பானியர் இதனை 'ஷிராத்தாகி' என்கின்றனர். 'வெள்ளை அருவி' என்பது அதன் பொருள்.

எதில் செய்யப்படுகிறது?

கொன்ஜாக், நமது கரணைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்தது. யப்பானில் இதன் பெரும்பகுதி குன்மா மாகாணத்தில் விளைகிறது. கிழங்கு மாவை நீரில் கரைத்து, சிறிதளவு சுண்ணாம்பு சேர்த்துக் கெட்டியாக்கி, இழைகளாகப் பிழிகிறார்கள். அதன் பின் கொதிக்க வைத்தாலும் கரையாது.

என்ன சத்து உண்டு?

100 கிராமில் ஏறத்தாழ 97 கிராம் நீர். மீதியில் பெரும்பகுதி குளுக்கோமன்னன் என்னும் நார்ப்பொருள். 100 கிராம் சோறு ஏறத்தாழ 130 கிலோகலோரி தரும். இது தருவது 10 அளவில்தான். ஆகவே இரத்தத்தில் சீனி அதிகம் ஏறாது. நாளொன்றுக்கு 4 கிராம் குளுக்கோமன்னன் கொலஸ்திரோலைச் சீராக வைத்திருக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் புரதமோ இரும்புச்சத்தோ இதில் இல்லையென்றே சொல்லலாம். உடல் மெலிந்தவர்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது சோற்றுக்கு ஈடாகாது.

எப்படிச் சமைப்பது?

பைக்குள் உள்ள நீர் மீன் வாடை வீசும். அதை ஊற்றிவிட்டு, நூடில்ஸை நன்றாக அலசி, இரண்டு மூன்று நிமிடம் அவிக்கவும். பின்னர் எண்ணெய் விடாத தாச்சியில் ஈரம் வற்றும்வரை வறுக்கவும். தனக்கென்று சுவையில்லாததால் உறைப்பான, தடித்த குழம்பே பொருந்தும். முட்டை, இறால், கரட், லீக்ஸ் சேர்த்துப் பிரட்டினால் இல்லாத சத்தும் சேரும். குளிரூட்டியின் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இழைகள் கெட்டுவிடும்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுபவர்களும் சீனிக் குளிசை எடுப்பவர்களும் சோற்றை நிறுத்தி இதை மட்டும் உண்டால் சீனி ஆபத்தாக இறங்கலாம். மாற்றும் முன்னர் மருத்துவரிடம் கேளுங்கள்.

இழைகளைச் சிறிதாக வெட்டி, நன்றாக மென்று உண்ணவேண்டும். தொண்டையில் சிக்கும் அபாயத்தால், கொன்ஜாக் சேர்த்த சிறுகிண்ண ஜெலியை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தடுத்தது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதனைக் கொடுக்காமல் விடுவதே நல்லது.