பொதி சொல்லும் வரலாறு

நாடுகளின் சரித்திரத்தை எழுதினோர் படையெடுப்பையும் முடிசூட்டு விழாவையும் ஆண்டு தவறாது குறித்து வைத்தனர். படைக்குப் போனவனுக்கு அவன் மனைவி எதைக் கட்டியனுப்பினாள் என்று குறித்து வைத்தோர் மிகச் சிலரே. சிறு விஷயமென்று இதனைத் தள்ளிவிடலாமா? கூடாதென்பதே நமது கருத்து.

தமிழர்க்கு இப்பொருள் புதியதன்று. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலே தலைவன் பாசறையில் இருக்கின்றான். தலைவி மனையில் இருக்கின்றாள். இருத்தலையே முல்லைத்திணையின் உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். ஆயினும் இருத்தல் வேறு, கைகட்டிச் சும்மா இருத்தல் வேறு. வீட்டிலிருப்பவளும் ஒரு கடமை செய்கின்றாள். அக்கடமையின் கண்கண்ட சான்றே பொதி.

நமது தீவுப்பகுதியிலிருந்தே தொடங்குவோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டையை அறியாதார் நம்முள் யார்? 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையும் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ட் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. ஊரைப் பிரிந்தோர் ஊர்ப்பெயரையாவது உடன் கொண்டுவந்தனர் போலும்! ஐரோப்பாவிலிருந்து இங்கு வரக் கப்பலுக்கு ஆறு மாதத்துக்கு மேல் செல்லும். எழுதிய கடிதத்துக்கு மறுமொழி காண ஓராண்டுக்கு மேலாகும். ஒல்லாந்தக் கம்பனியின் போர்வீரனும் மாலுமியும் ‘மாதச் சீட்டு’ ஒன்று எழுதிவைத்தால், அவனுடைய மனைவியோ பெற்றோரோ ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளத்தைத் தாய்நாட்டிலே பெறலாம் என்று ஒழுங்கு செய்திருந்தனர்.

இங்கே ஒரு விந்தையைக் காண்க. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் ஆங்கிலேயர் பிடித்த கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 38,000 ஒல்லாந்தக் கடிதங்கள் அவர்கள் கையில் அகப்பட்டன. அவை இன்றும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மனைவியர் எழுதியவையும் அவற்றுட் பல. உரியவர் கையிற் சேர்ந்த கடிதங்கள் பெரும்பாலும் அழிந்தன. சேராத கடிதங்கள் நிலைத்தன. அன்பு தன் வேலையை முடித்துவிட்டால் அடையாளம் விட்டுச் செல்வதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அரசாங்கங்கள் பொதியின் வலிமையை அறிந்தது முதலாம் உலகப் போரிலேதான். 1914ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு இளவரசி மேரியின் பெயரால் போர்வீரர்க்குச் சிறு பித்தளைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. பிரித்தானிய வீரர்க்குப் புகையிலையும் சிகரெட்டும் கிடைத்தன. புகை பிடியாத சீக்கியருக்குக் கற்கண்டும் வாசனைச் சரக்குகளும் வைக்கப்பட்டன. அவரவர் சமயமும் வழக்கமும் அறிந்து கொடுத்தலே கொடையென்பதை, பேரரசும் அன்று கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் பெண்களுக்கு அதனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்ஙனமெனின், கூறுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, மிஷன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற நம்மவர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும், நில அளவைப் பகுதியிலும், பொதுவேலைப் பகுதியிலும் உத்தியோகம் பார்த்தனர். தீவுப்பகுதியாரும் அவர்களுட் பலர். சிலர் குடும்பத்துடன் சென்றனர். பலருடைய மனைவியர் பிள்ளைகளோடும் முதியோரோடும் ஊரிலே தங்கினர். இவர்கள் வாளேந்திச் சென்றோரல்லர். ஆயினும் வீட்டிலிருந்தவளுக்குப் பிரிவு ஒன்றுதானே? அவள் கட்டிய பொதியில் என்ன இருந்தது? ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, மிளகாய்த்தூள், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், கோயில் விபூதி. இவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். ஈரமுள்ளது பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வெயிலில் உலர்ந்ததும், வறுத்ததும், பாகில் பிடித்ததுமே தெரிந்தெடுக்கப்பட்டன. நெல் விளைவு குறைந்து பனை மிகுந்த தீவுகளில் மழைக்காலத்துக்கென்று சேமித்த உணவே கடற்பயணத்துக்கும் ஏற்ற உணவாயிற்று. வறுமை கற்பித்த பாடம் அன்புக்குப் பயன்பட்டது என்க.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி யப்பானியப் படை மலாயாவின் கோத்தபாருவில் இறங்கிற்று. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றோடு பொதியும் நின்றது, பணமும் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை ஆண்டுகள்! உத்தியோகத்தனின் மனைவி ஒரே நாளில் போர்க்கால மனைவியானாள். ஐரோப்பாவிற் சிறைப்பட்ட பிரித்தானிய வீரர்க்கு 11 இறாத்தல் நிறையுள்ள செஞ்சிலுவைப் பொதிகள் இலட்சக்கணக்கிற் சென்றன. கீழைத் தேசத்திலோ சென்றவை மிகக் குறைவு. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்ட யப்பான் அதனை உறுதி செய்திருக்கவில்லை. போர்முனை தாண்டிச் செல்லும் செஞ்சிலுவைச் செய்திக்கோ 25 சொற்களே அளவு. மூன்றாண்டுத் துயரை இருபத்தைந்து சொற்களில் எவ்வாறு அடக்குவது? அக்காலத்தில் மலாயாவிலிருந்தோர் மரவள்ளிக்கிழங்கு தின்றனர். இங்கிருந்தோர் பங்கீட்டு அரிசிக்குக் காத்து நின்றனர். ஒருவர் பசியை மற்றவர் அறியவும் வழியில்லை.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி, அமெரிக்காவில் 22 சங்கங்கள் கூடிக் ‘கெயார்’ என்னும் அமைப்பை நிறுவின. படையினர்க்கென்று கட்டிவைத்து எஞ்சிய உணவுப் பொதிகளே அதன் முதற் பொதிகளாயின. 1946 மே மாதத்தில் அவை பிரான்சின் துறைமுகத்தை அடைந்தன. போருக்கென்று கட்டியது பசி தீர்க்கச் சென்றது. நம் தீவுப் பெண்களுக்கு அத்தகைய சங்கம் இருக்கவில்லை. தபால் திறந்தபோது அவர்கள் மீண்டும் ஊசியும் நூலும் எடுத்தனர், அவ்வளவே.

அவர்களின் சரித்திரம் எங்கே உள்ளது? பழைய பெட்டகங்களில், தபாற் பற்றுச்சீட்டுகளில், மங்கிய கடித உறைகளில் உள்ளது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுமக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ பெட்டகங்கள் வீடுகளோடு கைவிடப்பட்டன. எஞ்சியவற்றைக் கறையான் தின்கின்றது. நினைவில் வைத்திருப்போரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, இளைஞர்காள்! கோட்டைக் கற்களை எண்ணுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடிதம் கிடைத்தால் படியெடுங்கள். ஆண்டையும் ஊரையும் எழுதிவையுங்கள். பெரியோர்களே! நீங்கள் கண்டதைக் கேட்டதைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கின்றோம். எந்தக் கப்பலில் எந்தத் துரை வந்திறங்கினான் என்பதை அறிந்த நாம், நம் பாட்டிமார் எதை அனுப்பினார்கள் என்பதை அறியாதிருத்தல் தகுமோ?