கர்லாக்கட்டையும் மாட்டுக்கறியும்

கல்மண்டபத்தில் ஜிம்மில் சேரும் தம்பி முதலில் விசாரிப்பது புரோட்டீன் பவுடரின் விலையைத்தான். அவன் தாத்தா காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை போதும். அந்தக் கர்லாக்கட்டையை இங்கிருந்த பிரிட்டிஷ் படையினர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது தனிப் போட்டியாகவே நடந்தது.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கோ வேலையே பளுதூக்கல்.

சாப்பாடு? மாட்டுக்கறி, கருவாடு, முட்டை. கொழுப்பில்லாத நூறு கிராம் பச்சை மாட்டுக்கறியில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. கடையில் விற்கும் வே புரோட்டீன், பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தண்ணீரில் எடுப்பது. அதுவும் மாடு தந்ததுதான்.

டப்பாவில் வந்தால் சத்து, நம் சட்டியில் வெந்தால் இழிவா?

தோழர்களே, டிபன் பாக்ஸை மறைக்காதீர்கள். உங்கள் தெருப் பெரியவர்களிடம் கேளுங்கள்: என்ன பயிற்சி, என்ன சாப்பாடு? எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறு.