கரி படிந்த வரலாறு

மன்னர்கள் மூட்டிய போர்த்தீயின் ஆண்டுகளை மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கிறோம். வீடுதோறும், நாள்தோறும் மூட்டப்பட்ட அடுப்புத் தீக்கும் வரலாறு உண்டோ என்று எவரேனும் கேட்டால் நகைக்கிறோம். உண்டு, தோழர்களே! முடியாண்டோர் கதையினும் நீண்டது அது. அதிலே மாண்டோர் தொகையும் சிறிதன்று. 2020-ஆம் ஆண்டில் மட்டும், வீட்டுக்குள் மண்டிய புகையால் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2 இலட்சத்துக்கும் மேல்!

புகையேன் பிறக்கிறது? விறகு முழுமையாக எரியாமையால். போதிய காற்றுப் பெறாத தீ, கரித்துகளையும் நச்சுக்காற்றையும் கக்குகிறது. ஊதுகுழலும் கையுமாக அதன்முன் அமர்ந்திருப்பவள் கண் சிவக்கிறாள், இருமுகிறாள். "அடுப்படியில் அழுவது பெண்ணின் தலையெழுத்து" என்றது பழமை. "அழவைப்பது அடுப்பின் அமைப்பு, அதனை மாற்றலாம்" என்றது அறிவியல்.

மாற்றியும் காட்டினர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியின் பவேரிய அரசுப் பணியிலிருந்த ரம்ஃபோர்டு பிரபு, திறந்த தீயைச் செங்கற் சுவருக்குள் அடக்கி, காற்றையும் புகையையும் தனித்தனி வழியே செலுத்தி, குறைந்த விறகில் சமைக்கும் அடுப்புகளைக் கட்டினார். 1950-களில், ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, ஏழையின் கைக்கெட்டும் களிமண்ணைக் கொண்டே புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வகுத்தார். மந்திரமில்லை, மாயமில்லை. சூடேறிய காற்று இலேசாகிக் குழாய்வழியே மேலெழும். அது விட்ட இடத்தை நிரப்ப, அடுப்பின் வாய்வழியே புதுக்காற்று நுழையும். தீ நன்றாக எரியும், புகை கூரைக்கு வெளியே போகும். எளிய இயற்பியல்!

ஆனால் அந்த இயற்பியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழாயில் கரி படியப்படிய வழி குறுகும். வழி குறுகினால் இழுப்புத் தளரும். இழுப்புத் தளர்ந்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். சாம்பலை அள்ளாமல், கரியைத் துடைக்காமல், வெடிப்பைப் பூசாமல் விட்டுவிட்டால், புகையில்லா அடுப்பும் பழைய புகையடுப்பாகிவிடும்.

ஆகியும் விட்டது. 1980-களில் டில்லி அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் தரப்பட்டன. எண்ணிக்கை ஏடுகளில் ஏறிற்று, அடுப்புகளிற் பல மூலையில் முடங்கின. 2002-இல் திட்டமும் முடிவுற்றது. பின்னர் ஒடிசாவில், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் சுமார் 2,600 குடும்பங்களை நான்காண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தனர். புதிய அடுப்பால் முதலாண்டில் மூச்சிற் கலக்கும் புகை குறைந்தது. நாளடைவில் அந்தப் பயனே மறைந்தது. காரணம், அடுப்புகள் முறையாகப் பயன்படுத்தப்படவுமில்லை, போதிய அளவு பேணப்படவுமில்லை.

"பெண்களின் சோம்பல்" என்று தீர்ப்பெழுத விரைவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: விடியுமுன் எழுந்து, நீர் சுமந்து, விறகு பொறுக்கி, வயலிலும் உழைத்து, உலையும் வைப்பவளா சோம்பேறி? புகையை உண்பவள் அவள். குழாயைப் பழுதுபார்க்கப் பணமெடுக்கும் அதிகாரமோ அவனிடம். துன்பம் ஓரிடத்தும் முடிவு வேறிடத்தும் இருக்கும் வீட்டில், எந்தக் கருவிதான் நெடுநாள் நிலைக்கும்?

பேணும் பழக்கமே நம்மிடம் இல்லாமலில்லை. வெள்ளிதோறும் அடுப்பை மெழுகினோம், கோலமிட்டோம், பொட்டும் வைத்தோம். புறத்தை வணங்கிய கைகள், அகத்தை ஆராயவில்லை. சடங்குக்குச் செலவிட்ட நேரத்திற் பாதியைக் கரியகற்றச் செலவிட்டிருந்தால் கண்ணீராவது மிஞ்சியிருக்கும்!

1929-இல் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சமவுரிமை கேட்டது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அறுபதாண்டுப் போராட்டத்தின் பொருள் பத்திரத்தோடு முடிவதில்லை. வீட்டின் பணத்தில் அவளுக்குச் சொல்லுரிமை வேண்டும், வீட்டின் வேலையில் அவனுக்குப் பங்கு வேண்டும் என்பதுமே அதன் பொருள்.

இன்று எரிவாயு வந்துவிட்டது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பளித்தது. எனினும் மறுமுறை உருளை வாங்க வழியின்றி விறகுக்கே திரும்பிய வீடுகள் உண்டு. எரிவாயு அடுப்புக்கும் பேணல் தேவை. நீலமாய் எரிய வேண்டிய சுடர் மஞ்சளாய் ஆடினால், பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கலாம் என்று பொருள். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, பர்னரைக் கழற்றித் துலக்கி, நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும். இரப்பர்க் குழாயில் வெடிப்பிருந்தாலோ, அதிற் பொறித்த காலம் கடந்திருந்தாலோ உடனே மாற்ற வேண்டும்.

இவற்றுள் எது ஆணின் கையால் ஆகாதது? மேடையிலே பெண்ணுரிமை முழங்கும் இளைஞர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: இந்த ஞாயிறன்று, கூட்டத்துக்குப் புறப்படுமுன், உங்கள் வீட்டு அடுப்பை நீங்கள் துலக்குங்கள். கையிற் கரி படியட்டும். தாயின் நுரையீரலில் அது படிவதைவிடச் சிறந்ததன்றோ!