தண்டவாளம் போன பாதையில ஒரு மிதி

தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல எங்க ராயபுரத்துலதான் கிளம்புச்சுன்னு பெருமை பேசுற மணலி புதுநகர்க்காரன் நான். ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போனப்போ, ரயில் நின்னுபோன பாதையில சைக்கிள் ஓட்டினேன். அந்தக் கதை இது.

1932-ல தஞ்சோங் பகார் ஸ்டேஷன் திறந்தாங்க. 1965-ல சிங்கப்பூர் தனிநாடாச்சு. ஆனா ஸ்டேஷனும் தண்டவாள நிலமும் மலேசிய ரயில்வே கையிலேயே இருந்துச்சு! 1998-ல சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை எல்லையோர உட்லண்ட்ஸுக்கு மாத்திடுச்சு, மலேசியா மாத்தலை. அதனால பயணி முதல்ல மலேசியாவுக்குள்ள 'நுழைஞ்சிட்டு', அப்புறம்தான் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறுவார்' :-)

1990-ல போட்ட ஒப்பந்தம் இருபது வருஷம் இழுத்துச்சு. கடைசியில 2011 ஜூன் 30 ராத்திரி, கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனார். மறுநாள் நிலம் சிங்கப்பூருக்கு வந்துச்சு. துண்டு போட்டு வித்திருந்தா கோடிக்கணக்குல காசு. இயற்கை ஆர்வலர்கள் விடாம கேட்டாங்க. 24 கிலோமீட்டரும் ஒரே பசுமைப் பாதையா நின்னுது.

ரயிலால செங்குத்தா ஏற முடியாது. அதுக்காக மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி மெதுவான சரிவா போடுவாங்க. அதான் எனக்கு மூச்சு வாங்கலை. மலாயா ரயில்வேயில அந்த வேலைக்கு நம்ம ஊர்லேர்ந்து கப்பலேறிப் போனவங்க ஏராளம். நான் போன வழியில அவங்க பேரை எங்கயும் பார்க்கலை. தண்டவாளத்தையும் பெரும்பாலும் பெயர்த்து எடுத்தாச்சு. அந்தச் சரிவு மட்டும் அப்படியே இருக்கு. மிதிக்கிற காலுக்குத் தெரியுது.