சோழவரம்: விமானத் தளத்தில் ஓடிய கார்கள்

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் பொதட்டூர்பேட்டைத் தறிகளும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளும்தான் நினைவுக்கு வரும். இதே மாவட்டத்துச் சோழவரத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கார் பந்தயம் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு அதுவே பந்தயக் களம் ஆனது.

அப்போது கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புது ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, எடையைக் குறைத்து, எஞ்சினை மாற்றியமைத்து ஓட்டினார்கள். மளிகை வாங்கப் போகும் அதே பியட்தான்! ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, ஸ்பேனர் பிடிக்கவும் தெரிய வேண்டும். கோவை கரிவரதன் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்தார். அவருடைய பார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் பின்னாளில் பழகினார். 1980-களில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா 1 காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார்.

ஆனால் விமானத்துக்குப் போட்ட தளம் பந்தயத்துக்கு ஏற்றபடி வளையுமா? நிலமும் கிளப்புக்குச் சொந்தமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயச் சாலை 1990-ல் திறந்ததும் பந்தயங்கள் அங்கே போய்விட்டன.