நாளைத் திரும்பிப் பார்த்தல்: மட்டக்களப்புக் கிறிஸ்தவத்தில் அன்றாட வாழ்வும் இறையனுபவமும்

அன்றாட வாழ்வில் இறைவனைக் காண்பது தனிமனிதருக்கு எதிர்பாராமல் வாய்க்கும் உணர்வு என்றே பலரும் எண்ணுகிறோம். மட்டக்களப்பின் கடந்த இரு நூற்றாண்டுத் திருச்சபை வரலாறோ அதை ஒரு பழக்கமாகக் காட்டுகிறது. அப்பழக்கம் மெதடிஸ்தர் வழியாகவும் இயேசு சபையினர் வழியாகவும் இங்கு வந்ததையும், போர்க்காலத்தில் அது பெற்ற புதுப்பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வகுப்புக் கூட்டம்

மெதடிஸ்த மறைப்பணியாளர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். கடற்பயணத்திலேயே மனைவியையும் குழுத்தலைவர் தோமஸ் கோக்கையும் இழந்திருந்தார். 1815 ஏப்ரலில் அவரும் காலமானார். ஓராண்டும் நிறையாத அப்பணிக்குள் அவர் பாடசாலைகளைத் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்தே எண்ணுகிறது.

அவர் சார்ந்த மரபின் உயிர்நாடி வகுப்புக் கூட்டம். 1742இல் பிரிஸ்டல் நகரில் கூடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்பதென முடிவாயிற்று. ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒரு பொறுப்பாளர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் ஓரிடத்தில் கணவன் மனைவி சண்டையையும் இன்னோரிடத்தில் குடிவெறியையும் கண்டு மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியிடம் சொன்னார்கள். கடன் வசூல் ஆன்ம விசாரிப்பாயிற்று. வீட்டுக்குள் நடப்பதே விசுவாசத்தின் உரைகல் என்பது அவ்வழியே மெதடிஸ்தரிடம் நிலைத்தது.

ஆன்மசோதனை

1893இல் மட்டக்களப்பையும் உள்ளடக்கிய திருகோணமலை கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது. 1895 முதல் அது பிரெஞ்சு இயேசு சபையினரின் பொறுப்பாயிற்று. புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியும் அவர்கள் கையில் வளர்ந்தது. அவர்களோடு வந்தது சபை நிறுவனரான புனித இஞ்ஞாசியாரின் ஆன்மசோதனை. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவரது 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல் அதன் படிகளை வகுக்கிறது: முதலில் நன்றி, பின் அருளொளி வேண்டல், அதன்பின் விழித்தது முதல் மணிக்கு மணி தன் எண்ணம், சொல், செயலைப் பார்த்தல், இறுதியில் மன்னிப்பும் திருந்தும் உறுதியும். நடப்பதிலும் உண்பதிலும் உரையாடுவதிலும் இறைவனைத் தேடுமாறு 1551இல் எழுதிய மடலொன்றில் இஞ்ஞாசியார் மாணவத் துறவியருக்கு வழிகாட்டினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் வழிபாடு தமிழில் ஒலித்தது. புனிதம் துறவியருக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமான அழைப்பு என்பது வலியுறுத்தப்பட்டது. பாவங்களை எண்ணுவதிலிருந்து, நாளுக்குள் இறைவன் செயற்பட்ட இடங்களை உணர்வதற்கு ஆன்மசோதனையின் அழுத்தமும் உலகெங்கும் நகர்ந்தது.

போர்க்காலம்

இலங்கையின் உள்நாட்டுப் போரோடு, நாளைத் திரும்பிப் பார்ப்பதே கொடுமையான காலம் ஒன்று வந்தது. 1990 ஓகஸ்டில் அமெரிக்க இயேசு சபைக் குருவான யூஜின் ஹேபட் பயண வழியில் காணாமற்போனார். 1948இல் இங்கு வந்த ஹரி மில்லர் அடிகளார் மட்டக்களப்பிலேயே தங்கி, சமாதானக் குழுவில் பணியாற்றி, காணாமற்போனோரின் விபரங்களைப் பதிந்தார். 1996இல் போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். சொல்லில் அடங்காத நாட்களுக்குக் கைகள் வடிவம் கொடுத்தன. இதை ஆன்மசோதனையின் நீட்சியாகவே நான் வாசிக்கிறேன். நடந்ததை மறைக்காமல் பார்ப்பதும், பார்த்ததை அன்போடு ஏந்துவதும் இரண்டுக்கும் பொது.

முடிவு

வகுப்புக் கூட்டத்தில் அடுத்தவர் விசாரித்தார். ஆன்மசோதனையில் மனிதர் தம்மையே விசாரித்தார். போர்க்காலத்தில் காணாமற்போனோரின் பெயர்களும் காயப்பட்ட பிள்ளைகளும் திருச்சபையை விசாரித்தன. இறைவனை அன்றாடத்தில் தேடுவோர் தம் மன ஆறுதலோடு நின்றுவிட முடியாது என்பதே இவ்வரலாற்றின் பாடம். அயலவரின் நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்கும்போதுதான் அத்தேடல் நிறைவுபெறுகிறது.