சரீரத் தோற்றமும் சுமை ஏற்றும் கையும்

1981இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தொடங்கப்பெற்ற சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, ஒரு காலத்தில் பெண்களிடையே முதலிடத்தில் நின்ற கருப்பைவாய்ப் புற்றைப் பின்தள்ளி மார்பகப் புற்று முன்வந்துவிட்டதைக் காட்டுகிறது. உயிர் பிழைத்த ஸ்திரீ தன் சரீரத்தைப் பற்றி என்ன எண்ணுகிறாள், கணவனோடும் சுற்றத்தோடும் அவள் உறவு எப்படி மாறுகிறது என்பதை அளக்கவோ மேல்நாட்டு வினாநிரல்களையே நாம் நம்பியிருக்கிறோம். அவற்றுள் ஹாப்வுட் குழுவினர் 2001இல் வெளியிட்டது பத்து வினாக்களும், வினாவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்ணும் உடையது. ஹார்ம்ஸ் குழுவினர் 2008இல் வெளியிட்டது 32 கூற்றுகளை, பலமும் ஆரோக்கியமும், சமூகத் தடைகள், தோற்றமும் தாம்பத்தியமும் என மூன்று கூறாக வகுப்பது.

இவற்றைத் தமிழாக்கி இராயபுரத்திலும் எண்ணூர் மீனவக் குப்பங்களிலும் வாசித்துக் கேட்டால் போதுமென்று நான் கருதவில்லை. ஆடையின்றித் தன்னைக் காண்பது கடினமாயிருக்கிறதா என்பது ஹாப்வுட் வினாக்களுள் ஒன்று. மாமியாரும் பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்துறங்க, பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்தே பழகியவள், "அதெல்லாம் நான் பாக்குறதே இல்லம்மா" என்று சொல்லிவிட்டால், அந்தச் சங்கோசம் மனக்குறையின்மையாகக் கணக்கேறி 0 என்று பதிவாகிவிடும்.

அவளுடைய வேதனை வேறிடத்தில் பிரத்தியட்சமாகிறது. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்தவள் கூடையைத் தலைக்கு ஏற்ற இரு கைகளையும் உயர்த்தவேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகள் நீக்கப்பட்ட பக்கத்துக் கை பாதியில் நின்றுவிடுகிறது, முந்தானை விலகுகிறது, ஜாக்கெட்டின் ஒருபுறம் தட்டையாயிருப்பது எதிரில் நிற்பவர் கண்ணில் படுகிறது, "அக்கா, கொஞ்சம் ஏத்திவுடு" என்று நேற்றுவரை தன்னோடு போட்டியிட்டவளையே அவள் கேட்க நேர்கிறது. ஹார்ம்ஸ் அளவுகோல் மூன்றாகப் பிரித்தவை அந்த ஒரு கணத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

கை வீங்கும் என்று அஞ்சிக் கனம் தூக்கலாகாதென விலக்குவதே நெடுநாள் வழக்கம். ஜீவனமே சுமையாக இருப்பவளுக்கு அது பிழைப்பை விடு என்பதற்கு ஒப்பாகும். ஆனால் அமெரிக்காவில் ஷ்மிட்ஸ் குழுவினர், கை வீக்கமுள்ள 141 பெண்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், மேற்பார்வையோடு படிப்படியாகப் பளு தூக்கியவர்களுக்கு வீக்கம் மிகவில்லை. அத்தகைய பயிற்சி ஓராண்டு பெற்றவர்களுக்கு மேற்சொன்ன 32 கூற்று அளவுகோலிலும் நிலை மேம்பட்டதாக 2010இல் அறிவித்தனர். பளு தூக்கிப் பயின்றபோது தன் சரீரத்தைப் பற்றிய எண்ணமும் திருந்திற்று என்னும் இம்முடிவு, கண்ணாடியையே பிரதானமாகக் கொள்ளும் அளவைகளைவிட நம் மீன்காரப் பெண்களுக்கு மிக அணுக்கமானது.

ஆகவே நமக்கென அமையும் வினாநிரல் குடத்திலும் கூடையிலும் தொடங்கட்டும்; தாம்பத்தியம் பற்றிய வினாக்களை, உடன்வந்தவர்களை வெளியே இருத்திவிட்டு, பெண்ணொருத்தியே வாய்மொழியாகக் கேட்கட்டும். ஸ்டான்லி மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்கு வரும் பெண்ணிடம், "கூடையை நீங்களே ஏத்திக்கிறீங்களா, யாராவது ஏத்திவிடணுமா?" என்பதை முதல் வினாவாகக் கேட்குமாறு ஆய்வாளர்களை வேண்டுகிறேன்.